கென்ரிக் வம்சத்தின் நேர்க்கோடு

“ஹவோட்-லாஸ் பண்ணை என் பேருக்கு வேணும்.”

கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லி வளர்த்த முதல் விதியே, மாளிகையில் எதையும் கேட்காதே என்பதுதான். கொடுத்தால் வாங்கிக்கொள், நன்றி சொல், திரும்பி வா. கூரை ஒழுகினால் வாளி வை. எல்லாவற்றுக்கும் மேலாக, நிலத்தைப் பற்றி வாயைத் திறக்காதே.

சர் லயனல் கென்ரிக் தன் நாயின் காதைச் சொறிந்துகொண்டிருந்தார். சொறிவதை நிறுத்தவில்லை.

“உங்க அப்பா அனுப்பினாரா?”

“இல்ல. அவருக்குத் தெரியாது.”

“அதானே பார்த்தேன். இத்வால் இப்படிக் கேக்குற ஆள் இல்லையே.”

“அப்பாவுக்கு இடுப்பு போயிடுச்சு சர். ரெண்டு வருஷமா பண்ணைய நடத்துறது நான். குட்டி ஈனுற காலத்துல கொட்டகையில படுத்துக் கிடக்குறது நான். மலையிலேர்ந்து மந்தைய இறக்குறது நான். அவருக்கு அப்புறமும் நானே நடத்துறேன்னு கேக்குறேன். சும்மா இல்ல, குத்தகை குடுத்துத்தான்.”

“உன் அண்ணன் என்ன பண்றான்?”

“கெதினா? செஸ்டர்ல கார் விக்கிறான்.”

“அவன் வரட்டும், பேசலாம்.”

கெதினுக்குச் செம்மறியைப் பார்த்தால் தும்மல் வரும். கிடாவுக்கும் பெட்டைக்கும் வித்தியாசம் தெரிய அவனுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அவன் வந்தால் பேசலாமாம்.

“பொண்ணுங்கிறதாலதான் இல்லைங்கிறீங்களா?”

“சண்டைக்கு வராதே ஹெலெத். இது என் அப்பா காலத்துக்கும் முந்தின வழக்கம். இந்த எஸ்டேட்ல பண்ணை மகனுக்குப் போகும். மகன் இல்லன்னா மாளிகைக்குத் திரும்பும். உங்களுக்கு ஒண்ணு எங்களுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கல. பதினாலு தலைமுறையா எங்க வீட்லயும் அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு, நேர்க்கோடு. எனக்கு மூத்தது பொண்ணுதானே. எஸ்டேட் வேலையெல்லாம் ரோசலிண்ட்தான் பார்க்குறா, என்னைவிட நல்லாவே. ஆனா எல்லாம் என் மகன் டோபையாஸுக்குத்தான் போகும். அவ ஏதாவது குறை சொல்றாளா?”

அவர் கெட்டவர் இல்லை என்று எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு ஜோடி ஃபெசன்ட் பறவை அனுப்புவார். எங்கள் நிலத்தில் சுட்ட பறவை. நாங்கள் நன்றி சொல்வோம்.

சட்டத்தில் எனக்கு இடமில்லை. பழைய குத்தகைச் சட்டம் மூன்று தலைமுறைக்குத்தான். அப்பாவின் தாத்தா, அப்பாவின் அப்பா, அப்பா. கணக்குத் தீர்ந்தது. அப்பா உயிரோடு இருக்கும்வரை பண்ணை எங்களுடையது. அவர் மூச்சு நின்ற அன்று சாவி மாளிகைக்கு. பிறகு மலை முழுக்க மரம் நடப் போகிறார்கள். எங்கேயோ விமானம் விடுகிறவர்களின் புகைக்கு ஈடாக எங்கள் மேய்ச்சல் நிலத்தில் தேவதாரு. பக்கத்துப் பள்ளத்தாக்கில் நட்டாகிவிட்டது. அங்கே இருந்த பள்ளிக்கூடத்தையும் மூடியாகிவிட்டது.

கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த ‘நேர்க்கோடு’ காதில் கல் மாதிரி விழுந்திருந்தது.

“பதினாலும் மகன் இல்ல சர். ரெண்டு பேர் பொண்ணுங்க.”

இப்போதுதான் நாயை விட்டார். “யாரு?”

“லோரி. குவெர்வில்.”

“கேள்விப்பட்டதே இல்லையே.”

“கேட்டிருக்கீங்க. உங்க இருபத்தோராம் பிறந்த நாளுக்கு எங்க தாத்தா உங்க தோள்ல கை வெச்சுச் சொன்னாரு. உங்களுக்குப் புரியல.”

புரிந்திருக்காது. கென்ரிக் குடும்பத்துக்கு வெல்ஷ் மொழி மறந்து இருநூறு வருஷம் ஆகிறது. ஆனாலும் வாரிசுக்கு இருபத்தோரு வயது நிரம்பும் நாளில் மாளிகைக் கூடத்தில் வம்ச வரிசை சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வது எஸ்டேட்டிலேயே பழைய பண்ணையின் குத்தகைக்காரர், அதாவது ஹவோட்-லாஸ்காரர். வாரிசின் பின்னால் நின்று, தோளில் ஒரு கையை வைத்து, அவனிலிருந்து தொடங்கி ஆதி கென்ரிக் வரை பெயர்களைச் சொல்லிக்கொண்டே மேலே போக வேண்டும். வெல்ஷில்தான். கையில் காகிதம் கூடாது. கீழ்மேசையில் உட்கார்ந்திருக்கும் குத்தகைக்காரர்கள் ஒவ்வொரு பெயருக்கும் விரல் முட்டியால் மேசையை ஒரு தட்டு தட்டுவார்கள். சரி என்று அர்த்தம். தப்பாகச் சொன்னால் தட்டமாட்டார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ‘சர்’ பட்டம் அவர்களுடையது, வரிசை சரியா தப்பா என்பது எங்கள் முட்டியில். மேல்மேசைக்காரர்கள் எதுவும் புரியாமல், ஏதோ பழைய பாட்டைக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கை தட்டுவார்கள்.

அப்பா இதைக் கெதினுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். மகன் என்பதால். தீவனச் சாக்கின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனப்பாடமானது. அவனுக்கு இன்றுவரை நான்காவது பெயரைத் தாண்டாது.

இந்த வருஷம் டோபையாஸின் முறை. பட்டம் கிடைத்து நானூறு வருஷம் என்று அதையும் சேர்த்துப் பெரிய விழாவாகச் செய்கிறார்கள். வரிசையை ஆங்கிலத்தில் பெயர்த்து, கூடத்தில் மாட்ட ஒரு வம்சப் பலகைக்கு எழுதிக் கொடுத்து, விழாவில் அப்பா சொல்லி முடித்ததும் ஆங்கிலத்தில் படிக்கவும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பாங்கூர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள் அல்லவா. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் படிப்பு மாளிகைக்குப் பலகை எழுத உதவும். ஆடு மேய்க்கக் குத்தகை கேட்க உதவாது.

“உங்க ஆளுங்க எங்கேயோ மாத்திச் சொல்லிட்டாங்க போலிருக்கு” என்றார் சர் லயனல்.

“சர்ச்சுக்குப் போய்ப் பாருங்க. ஆர்கனுக்குப் பின்னாடி, மடக்கு நாற்காலி அடுக்கி வெச்சிருக்கிற இடத்துல ஒரு சலவைக்கல் இருக்கு. லோரி கென்ரிக்னு எழுதியிருக்கு. அவங்க அப்பா ஹ்யூவுக்கு மகன் இல்ல. ஷ்ரூஸ்பரியிலேர்ந்து பெல்னு ஒரு துணி வியாபாரி வந்து அவங்களக் கட்டிக்கிட்டு, தன் பேரை விட்டுட்டுக் கென்ரிக்னு வெச்சுக்கிட்டாரு. பட்டம் அத்துப்போச்சு, அவங்க மகன் காலத்துல ராஜாகிட்ட கேட்டு மறுபடி வாங்கினீங்க. நீங்க கென்ரிக்கே லோரியால. இல்லன்னா நீங்க சர் லயனல் பெல்.”

கேட்டு வாங்கினீங்க என்பதை அழுத்திச் சொன்னேன்.

*

வீட்டில் அப்பா கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“உன்னக் கேக்கச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. நீங்க கேட்டிருக்கணும்.”

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாளே காரியஸ்தர் ஹாஸ்லம் வந்தார். எஸ்டேட்டின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் கையில். காலணியைத் துடைக்காமல் அடுக்களை மேசைக்கு வந்து உட்கார்ந்து, அம்மா வெட்டி வைத்த பழ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டார்.

“மென்னா, இந்த ரொட்டிக்காகவே உங்க வீட்டுக்கு வரலாம்” என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “சர்ச்சுக்குப் போய்ப் பார்த்தேன். நீங்க சொன்னது சரி. படிச்ச பொண்ணு, தப்பாச் சொல்வீங்களா.”

“அப்ப பலகைல எழுதிடலாம்.”

“அதான் பேச வந்தேன். ரெண்டு பத்திரிகைக்காரங்க வர்றாங்க. வீட்ல வேற, ரோசலிண்ட் இப்ப சொத்து விஷயமா ஏதேதோ கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. இந்த நேரத்துல பொண்ணு வழியா நிலம் வந்துச்சுன்னு கூடத்துல எழுதி மாட்டணுமா? கொஞ்சம் நேராக்கிடுங்க. லோரிய லாரன்ஸ்னு போடலாம். குவெர்வில்ல... ஜெரால்ட்னு போடலாமே. நீங்களும் அப்படியே படிச்சிடுங்க, இத்வாலும் அப்படியே சொல்லிடட்டும். வர்றவங்கள்ல வெல்ஷ் தெரிஞ்சவங்க இருப்பாங்க, ரெண்டும் ஒத்துப்போகணும்.”

“எதுக்கு நான் அதைச் செய்யணும்?”

“ஹவோட்-லாஸ் விஷயத்துல சர் ஒரு விதிவிலக்கு பண்ணத் தயாரா இருக்காரு.”

அம்மாவின் கையில் தேநீர்க் கெட்டில் அப்படியே நின்றது.

“எழுதிக் குடுங்க” என்றேன்.

“விழா முடியட்டும். சர் வாக்குத் தவறினதில்ல.”

“என்கிட்ட வாக்கு குடுத்ததும் இல்ல. ரெண்டு பொண்ணக் கொன்னாத்தான் ஒரு பொண்ணுக்கு நிலமா? முடியாதுன்னு சொல்லுங்க.”

ஹாஸ்லம் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்லு இத்வால்” என்று எழுந்து போனார். ரொட்டியை முழுதாகத் தின்றுவிட்டுத்தான்.

அவர் வண்டி வாசலைத் தாண்டியதும் அம்மா பிடித்துக்கொண்டாள். “உனக்கென்ன பைத்தியமா? அவங்க ரெண்டு பேரும் செத்து மண்ணாகி எவ்வளவோ காலம் ஆச்சு. நீ உயிரோட இருக்கே. நீ சாப்பிடணும்.”

“அவங்கள அழிச்சுட்டு வாங்கினா நாளைக்கு என்னையும் இப்படித்தாம்மா அழிப்பாங்க.”

“அழிக்கட்டும். நீ செத்ததுக்கு அப்புறம்தானே? செத்தவளுக்கு என்ன வலிக்குது?”

எனக்கு இன்னும் கோபம் வந்தது. அப்பாவிடம் திரும்பினேன்.

“நீங்க சொல்லுங்கப்பா. நம்ம மலையில வேலி இருக்கா? நம்ம ஆடு பக்கத்து மலைக்கு ஏன் போறதில்ல? பெட்டை தன் பெட்டைக்குட்டிக்கு எல்லையக் காட்டிக் குடுக்குது. கிடாவக் குட்டியிலேயே விக்கிறோம், பெட்டைய வெச்சுக்கிறோம். எத்தனை தலைமுறையா அந்த மலை தாய்கிட்டேர்ந்து மகளுக்குப் போய்க்கிட்டிருக்கு? அதைப் பார்த்தே வளர்ந்த நீங்க, மகனுக்குத்தான் நிலம்னு இவங்க சொன்னா தலையாட்டுறீங்க.”

“ஆட்டுக்கு எஜமான் கிடையாதும்மா” என்றார் அப்பா.

லோரி, குவெர்வில் இருவரையும் போட்டே பலகைக்கு எழுதி அனுப்பினேன். மாளிகையிலிருந்து பதில் வரவில்லை. அந்த வாரம் ஹாஸ்லமின் வண்டி எங்கள் கீழ் வயலில் நின்றதைப் பார்த்தேன். அப்பா வேலிக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். என்ன பேசினார்கள் என்று கேட்டபோது, “வாய்க்கால் விஷயம்” என்றார் அப்பா.

*

விழா மதிய விருந்து. மேல்மேசையில் வெள்ளி, கீழ்மேசையில் எவர்சில்வர். இரண்டுக்கும் எங்கள் ஆட்டுக்கறிதான். அம்மா மற்றப் பண்ணைப் பெண்களோடு பரிமாறிக்கொண்டிருந்தாள். சுவரில் வம்சப் பலகை நீல வெல்வெட் மூடித் தொங்கியது. ஹாஸ்லம் வந்து என் கையில் ஒரு அட்டையைத் திணித்தார். “இதைப் பார்த்துப் படிச்சாப் போதும்.” நான் அதைத் திருப்பிப் பார்க்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தேன். வரிசைக்குக் காகிதம் கூடாது.

எனக்கு எதிரில் பிரின் பண்ணைக் குத்தகைக்காரர் வில். எழுபது வயது, வாய் சும்மா இருக்காது.

“உங்கப்பன் தப்பு விட்டான்னா நான் தட்டமாட்டேன், சொல்லிட்டேன்” என்றார். “போன தடவ உன் தாத்தா ஒரு பேர விழுங்கிட்டு மறுபடி ஆரம்பிச்சார். கறி ஆறிப் போச்சு.”

“இன்னிக்கு ஆறாது வில் மாமா. அவருக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும்.”

அப்பா எழுந்தார். ஊன்றுகோலை என் நாற்காலியில் சாய்த்துவிட்டு, பிடி இல்லாமல் மேல்மேசை வரை நடந்தார். டோபையாஸின் தோளில் கையை வைத்தார். அந்தப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

“டோபையாஸ், லயனல் மகன்.”

தட்டு.

“லயனல், ஜார்விஸ் மகன்.”

தட்டு. அப்பாவின் குரல் நன்றாக இருந்தது. ஒவ்வொரு பெயராக மேலே ஏறினார். கீழ்மேசை ஒரே முட்டியாகத் தட்டியது. எனக்குக்கூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

“ரிச்சர்ட்,” என்றார் அப்பா. நிறுத்தினார். “லாரன்ஸ் மகன்.”

தட்டு விழவில்லை.

மேல்மேசையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. யாரோ ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கீழ்மேசையில் ஒருவரும் அசையவில்லை. வில் மாமாவின் கை மேசைக்கு மேல் பாதியில் நின்றது. அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பள்ளத்தாக்கில் எந்தச் செய்தி ஒளிந்திருக்கும்? எதற்காக என்று அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

அவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

எனக்காகத் தட்டினார்கள். எனக்குப் பண்ணை கிடைக்க வேண்டும் என்று, தாங்கள் ஒருநாளும் தப்பாகத் தட்டாத மேசையைத் தட்டினார்கள். வாயில் ஒரு பொய் விழாத என் அப்பா, இடுப்பு வலியோடு நின்று, எனக்காக ஒருத்தியை அழித்தார். அவர் மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை. இவர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கறியை மென்றபடி இதை ரசித்துக்கொண்டிருந்த மேல்மேசையின் மேல்தான் வந்தது.

“லாரன்ஸ், ஹ்யூ மகன்.”

தட்டு. இந்த முறை தயக்கமே இல்லை. ஒருமுறை தட்டிவிட்டால் அடுத்தது சுலபம்தான்.

நான் எழுந்தேன். “தப்பு” என்றேன் வெல்ஷில். “முதல்லேர்ந்து.”

அப்பாவின் கை டோபையாஸின் தோளிலேயே இருந்தது. “உக்காரு கண்ணு” என்றார் மெதுவாக. கெஞ்சுகிற குரல். என் வாழ்நாளில் அவர் என்னிடம் கெஞ்சியதில்லை.

“தப்புப்பா. முதல்லேர்ந்து சொல்லணும். அதான் வழக்கம்.”

“உனக்காகத்தான்.”

“தெரியும்.”

என்னவோ சடங்கு என்று நினைத்து மேல்மேசையில் இரண்டு பேர் புன்னகைத்தார்கள். ஹாஸ்லம் புன்னகைக்கவில்லை. வேகமாகப் போய்ப் பலகையின் கயிற்றை இழுத்தார். வெல்வெட் விழுந்தது. தங்க எழுத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. நடுவில் லாரன்ஸ். மேலே ஜெரால்ட். எல்லோரும் கை தட்டத் தொடங்கினார்கள்.

அப்பா தோளிலிருந்து கையை எடுத்தார். பக்கத்தில் நாற்காலி எதுவும் இல்லாததால் சுவரில் சாய்ந்து நின்றார். “அப்ப நீயே சொல்லு,” என்றார். “என்னால ரெண்டு தடவ முடியாது.”

நான் சொன்னேன். யாருடைய தோளிலும் கை வைக்காமல், கீழ்மேசையில் நின்ற இடத்திலிருந்தே. ஒவ்வொரு பெயரையும் முதலில் வெல்ஷில், உடனே ஆங்கிலத்தில். கை தட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. டோபையாஸ், லயனல் மகன். லயனல், ஜார்விஸ் மகன். கீழ்மேசையில் யாரும் தட்டவில்லை. பெண் வரிசை சொல்லி அவர்கள் கேட்டதில்லை. தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது என் மேல் கோபமாக இருந்திருக்கலாம். அவர்கள் கொடுத்ததை நான் கீழே போட்டுவிட்டேனே.

“ரிச்சர்ட், லோரி மகன். லோரி, ஹ்யூ மகள். ஷ்ரூஸ்பரி பெல்லின் மனைவி. அவர் இவங்க பேரை எடுத்துக்கிட்டார். இந்த வீடு இவங்க வழியாத்தான் வந்துச்சு.”

ஒரு தட்டு விழுந்தது. அம்மா நின்ற பரிமாறும் மேசைப் பக்கமிருந்து, ஒரு கரண்டியின் அடிப்பாகத்தால். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன், அந்தக் கூட்டத்தில் அழ எனக்கு விருப்பமில்லை.

“நிறுத்து” என்றார் சர் லயனல்.

“இன்னும் இருக்கு.” குவெர்விலையும் சொன்னேன். ஆதி கென்ரிக் வரை சொல்லி முடித்தேன். மேல்மேசையின் ஓரத்தில் ரோசலிண்ட் மட்டும் பலகையைப் பார்க்காமல் தன் தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் சண்டை. அவள் போட்டுக்கொள்ளட்டும்.

சர் லயனல் எழுந்து என்னருகே வந்தார். முகம் சிவந்திருந்தாலும் குரல் தாழ்ந்தே இருந்தது. வளர்ப்பு அப்படி.

“நீ என்ன பண்ணிட்டேன்னு புரியுதா? உங்க அப்பாவோட எல்லாம் முடிஞ்சிடும். ஒரு நாள்கூட நீட்டிப்பு கிடையாது.”

“புரியுது.”

“ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா...”

“கேக்கமாட்டேன்.”

அப்பாவின் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டார். “வண்டிய நான் எடுத்துட்டு வர்றேன், நீ போ” என்றார். அது கோபமா, சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்வேன்.

குத்தகைக்காரர்களுக்கு அந்த வீட்டில் பின்வாசல்தான். நான் கூடத்தின் நடுவே நடந்தேன். ஹாஸ்லம் கொடுத்த அட்டை கவிழ்ந்தபடியே மேசையில் கிடந்தது; வில் மாமா தன் தேநீர்க் கோப்பையை அதன் மேல் வைத்திருந்தார்.

அப்பா எழுந்தபோதே நான் முடிவு செய்துவிட்டேனா, லாரன்ஸ் என்ற பெயரைக் கேட்டபோதா, தெரியாது. முடிவு இதுதான். அப்பாவின் ஆயுள்தான் என் குத்தகை. அதுவரை நான் ஹவோட்-லாஸில் ஆடு வளர்ப்பேன், கல்சுவர் சரிந்தால் அடுக்குவேன், கூரை ஒழுகினால் ஆள் வைத்து அடைத்துவிட்டுச் செலவைக் குத்தகையில் கழிப்பேன். அப்பாவுக்குப் பிறகும் நான் போகப் போவதில்லை. வேண்டுமென்றால் அவர்கள் மழையில் மலையேறி வந்து, என் கதவைத் தட்டி, போகச் சொல்லி என்னிடம் கேட்கட்டும். எங்கள் பக்கத்தில் இனி கேட்பதற்கு எதுவும் இல்லை.

முன்வாசல் கதவு கனமாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து வெளியே போனேன். மூடவில்லை.